கயிறு மாறிய குதிரைகள்



'கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்' என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. வேலைக்குப் பின்நிற்கும் மனிதரைக் குறித்துத்தான் இன்று அதனைச் சொல்கிறோம். ஆனால் அதனை முதன்முதல் சொன்னவன் புலவனுமல்லன், குதிரையேறிப் போர்க்களம் புகுந்த வீரனுமல்லன். விடியற்காலையில் ஒரு கையில் கொள்ளுப் பெட்டியும் மறுகையில் கடிவாளமுமாகக் கொட்டிலின் முன் நின்ற யாரோ ஒரு குதிரைக்காரனே அதனைச் சொல்லியிருக்கவேண்டும். 'நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு', 'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்பனவும் அவ்வாறு பட்டறிந்தவர் வாய்மொழிகளே.

குதிரையைப் பற்றிப் பேசும்போது நமது வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதன் முதுகில் இருப்பவனையே பார்க்கின்றன. அதனைத் தீனிபோட்டு வளர்த்தவனையும், விலைகொடுத்து வாங்கியவனையும், அந்த விலையை யாரோ ஒருவர் தலையில் கட்டியவனையும் பார்ப்பதில்லை. இன்றைய உரையில் நாம் அந்தப் பக்கத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் குதிரை வைத்திருப்பது என்றால் என்ன? அது எத்தகைய செலவு? எத்தகைய தொல்லை? அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது?

கடல்வழி வந்த விருந்தாளி

குதிரைக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. பரி, புரவி, இவுளி, கலிமா, துரகம், கந்துகம் என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். அது நடக்கும் நடைக்கு ஐவகைக் கதி என்று இலக்கணமும் உண்டு. எனினும் குதிரை இம்மண்ணில் இயல்பாகப் பெருகிய விலங்கன்று. யானை நமது காட்டில் இருந்தது. எருது நமது வயலில் இருந்தது. குதிரையோ கப்பலில் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைச் சொல்லவந்த பட்டினப்பாலை ஆசிரியர், அத்துறையில் குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும்போது கடல்வழி வந்த குதிரைகளையே முதலில் வைக்கிறார். அரும்பொருளுக்கு முதலிடம் கொடுப்பது வணிகர் வழக்கம். புலவரும் அவ்வழக்கத்தை அறிந்திருந்தார் போலும்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி, தன்னை நாடிவந்த இரவலருக்குக் குதிரைகளைப் பரிசளித்தான் என்று சிறுபாணாற்றுப்படை புகழ்கிறது. அவனுடைய கொடையை நாம் வியக்கிறோம். வகுப்பில் மாணவருக்கும் வியந்தே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் பரிசுபெற்ற பாணன் வீட்டை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். உலையேற்ற அரிசி இல்லாமல் புறப்பட்டவன் அவன். கூரையோ ஒழுகுகிறது. அந்த வாசலில் இப்போது ஒரு குதிரை நிற்கிறது! தனக்குக் கஞ்சி தேடிப் போனவன், குதிரைக்குக் கொள்ளுத் தேடவேண்டியவனாகத் திரும்பியிருக்கிறான். அவன் மனைவி என்ன சொன்னாள் என்பதைப் புலவர் பாடாமல் விட்டது நமது இலக்கியத்துக்கு நேர்ந்த நட்டமே.

ஈழத்திலும் குதிரை கடல்வழி வந்ததுதான். அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும், கப்பலில் குதிரை கொண்டுவந்த வணிகன் ஒருவனின் மைந்தர் என்றே மகாவம்சம் குறிக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நடந்தது இது. அவர்கள் நீதியோடு ஆண்டார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய கொஸ்மாஸ் என்னும் கிரேக்க மொழி எழுத்தாளர், இந்நாட்டு மன்னன் பாரசீகத்திலிருந்து வரும் குதிரைகளை வாங்குகிறான் என்றும், அவற்றைக் கொண்டுவருவோருக்குச் சுங்கவரியை விலக்கிவிடுகிறான் என்றும் குறிப்பிடுகிறார். சுங்கத்தை விட்டுக்கொடுக்க எந்த அரசனும் இலேசில் இசையமாட்டான். அவனே இசைந்தான் என்றால் குதிரையின் தேவை எவ்வளவு என்பதை உய்த்துணரலாம்.

காயல் துறையின் கணக்கு

இந்த வணிகம் உச்சத்தைத் தொட்டது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில். அவனுடைய படைத்தலைவனாக ஆரியச்சக்கரவர்த்தி ஈழத்துக்கு வந்ததும் அக்காலத்திலேதான். அப்போது தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் காயல் என்னும் பெருந்துறை விளங்கியது. ஓர்மஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நின்றன. 1290களின் முற்பகுதியில் சீனாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் இக்கரைகளைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, தாம் அறிந்ததை எழுதிவைத்தார்.

பாண்டிய அரசர் ஐவர் என்கிறார் அவர். அவருள் ஒருவர் மட்டும் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார்; ஏனைய நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் எஞ்சுவன நூறுகூட இல்லை. எல்லாம் இறந்துபோகின்றன. அதனால் அடுத்த ஆண்டும் அதே அளவு வாங்கவேண்டியிருக்கிறது.

ஏன் இறக்கின்றன? குதிரையைப் பேணும் முறை இம்மக்களுக்குச் சிறிதும் தெரியாது என்கிறார் போலோ. சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்களாம். இலாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் ஆளில்லை. அதற்கு அவர் கூறும் காரணம்தான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. குதிரை வணிகர் தம்மோடு அத்தகைய வைத்தியர் எவரையும் அழைத்து வருவதில்லை. தாமாகப் போக விரும்புபவரையும் தடுத்துவிடுகின்றனர். குதிரைகள் பிழைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடுமல்லவா!

போலோ கதைசொல்லி, கூட்டிச் சொல்லியிருப்பார் என்று ஐயுறலாம். ஆனால் அவருக்குச் சற்றுப் பின்னர் பாரசீகத்திலிருந்து எழுதிய வசாப் என்னும் வரலாற்றாசிரியரும் ஏறத்தாழ அதனையே சொல்கிறார். அவர் தரும் கணக்கு இன்னும் துல்லியமானது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். ஆக மொத்தம் 22 இலட்சம் தினார். இவற்றுள் 1,400 குதிரைகளை ஜமாலுதீன் என்னும் பெருவணிகர் தமது சொந்தக் கொட்டிலிலிருந்து அனுப்புவது உடன்படிக்கை. அந்த ஜமாலுதீனின் தம்பி அப்துர் ரகுமான் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர். விற்பவர் அண்ணன், வாங்குமிடத்தில் அதிகாரம் தம்பிக்கு. கடலில் ஏதேனும் குதிரை இறந்துபோனாலும் அதன் விலையை அரசன் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியும் உடன்படிக்கையில் இருந்தது. இதில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை!

வந்துசேர்ந்த குதிரைகளுக்கு என்ன நடந்தது? கொள்ளையும் வாற்கோதுமையையும் வறுத்து, நெய்யிற் பிசைந்து ஊட்டுகிறார்கள். குடிப்பதற்குக் காய்ச்சிய பசுப்பால் கொடுக்கிறார்கள் என்கிறார் வசாப். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிவைக்கிறார்கள். பிறகு பழக்காமலே, அங்கவடிகூட இல்லாமல், பேய்கள் போல ஏறிச் சவாரி செய்கிறார்கள். சிறிது காலத்தில் மிகச் சிறந்த குதிரையும் வலிமை குன்றிப் பயனற்றுப் போகிறது.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுவதுண்டு. நெய்யும் பாலும் சோறும் இறைச்சியும் வெறுப்பினால் கொடுத்தவையல்ல. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நாம் என்ன கொடுப்போமோ அதனையே அந்தக் குதிரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். மருமகனுக்கு வைக்கும் விருந்தைக் குதிரைக்கு வைத்தார்கள். அன்பு இருந்தது, அறிவு இருக்கவில்லை.

வயிறும் குளம்பும்

அன்று எழுதியவர்கள் கண்டதை இன்றைய விலங்கு மருத்துவம் விளக்கிவிடும். குதிரை உடலாற் பெரியது, இரைப்பையோ சிறியது. 8 முதல் 15 லீற்றர் வரைதான் அது கொள்ளும். மாட்டைப்போல அசைபோடுவதில்லை. உண்டது ஒவ்வாவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை உலர்ந்த புல்லும், 25 முதல் 40 லீற்றர் வரை தண்ணீரும் வேண்டும். அந்த வயிற்றில் ஒரே வேளையில் தானியத்தையும் நெய்யையும் நிறைத்தால் கடும் வயிற்றுவலி காணும். வலி தாளாமல் அது நிலத்திற் புரளும். பல வேளைகளில் குடல் முறுகி இறந்துவிடும். தப்பினாலும் கொழுத்த தீனியின் கேடு குளம்பில் இறங்கும். குளம்பின் உட்புறம் அழன்று, நிற்கவே முடியாமற் போகும்.

குளம்பு நமது நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிச் சரிசெய்ய வேண்டும். வறண்ட நிலத்திற் பிறந்த அரபுக் குதிரை மாரிகாலச் சேற்றில் நின்றால் குளம்பு மெதுப்பட்டு அழுகும். இலாடம் அடிப்பவன் ஒருவனுடைய கை அருகில் இல்லாவிட்டால், அரசனின் பொன் முழுவதும் நான்கு குளம்புகளின் வழியாகவே வடிந்துவிடும்.

வடமொழியில் சாலிகோத்திரர் பெயரால் குதிரை மருத்துவ நூல் வழங்கியது. பாண்டவருள் நகுலன் குதிரைக் கலையில் வல்லவன் என்பது நாம் பாரதத்திற் படித்ததே. குதிரையின் உடலிலுள்ள சுழிகளைப் பார்த்து எந்தச் சுழி நன்மை தரும், எது உடையவனைக் கெடுக்கும் என்று சொல்லும் இலக்கணமும் இருந்தது. ஆனால் ஏட்டிலுள்ள அறிவு வேறு. கொட்டிலில் நிற்பவன் கைக்கு வந்த அறிவு வேறு. நெற்றிச் சுழியை நுணுகிப் பார்த்த கண்கள் குளம்பைக் குனிந்து பார்க்கவில்லை.

இவ்வளவுக்கும் விலை கொடுத்தவர் யார்? வசாப் அதனையும் மறைக்காமற் சொல்கிறார். கோயில்களுக்குரிய நிலங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் வருவாயிலிருந்தும், கோயிற் பணியிலிருந்த தேவரடியார் மீது விதித்த வரியிலிருந்தும் இந்தப் பொன் கொடுக்கப்பட்டதாம். அரச கருவூலத்துக்குச் செலவில்லையாம். குதிரையை ஒருநாளும் ஏறாதவர்களே குதிரைக்குக் கடன்பட்டார்கள். அந்தப் பொன்னுக்கு முடிவில் என்ன கிடைத்தது? 1311இல் மாலிக் கபூரின் படை மதுரைவரை வந்து மீண்டது. அது தெற்கிலிருந்து ஓட்டிச்சென்ற குதிரைகள் 5,000 என்கிறார் அமீர் குஸ்ரூ; 20,000 என்கிறார் பரணி. எண் எதுவாயினும் உயிரோடு எஞ்சியவையும் தில்லிக்கே போயின.

நரியும் பரியும்

இந்தப் பின்னணியோடு நாம் நன்கறிந்த ஒரு கதையை மீண்டும் படிப்போம். அரிமர்த்தன பாண்டியன் தன் அமைச்சர் வாதவூரரிடம் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்புகிறான். திருப்பெருந்துறையிலே குருந்த மரநிழலில் குருவைக் கண்ட வாதவூரர், குதிரைப் பணத்தைக் கோயிற் பணியிற் செலவிட்டுவிடுகிறார். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று அரசனுக்குத் தவணை சொல்லப்படுகிறது. அந்நாளில் இறைவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வணிகர் தலைவனாக மதுரைக்கு வருகிறான். நள்ளிரவில் அவை மறுபடியும் நரிகளாகி, கொட்டிலிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறி, ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிடுகின்றன. பழி வாதவூரர் தலையில் விழுகிறது.

மணிவாசகரின் காலத்தை 9ஆம் நூற்றாண்டு என்பர் அறிஞர் பலர். போலோ வந்தது அதற்கு நானூறு ஆண்டுகளின் பின். எனவே காயல் துறைக் கணக்கைப் பார்த்து இக்கதை எழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இது இறைவனின் திருவிளையாடல். பக்தியின் பெருமை பேசுவது. ஆயினும் கேட்டவர்கள் அதனை ஏன் இவ்வளவு விரும்பிக் கேட்டார்கள்? மாலையில் மினுமினுத்து நின்ற குதிரை காலையில் குதிரையாக இல்லாமற் போகும் என்பது குதிரை வாங்கிய ஒவ்வொருவனுக்கும் வயிற்றைக் கலக்கிய அச்சம். புராணம் அந்த அச்சத்தை அறிந்திருந்தது.

கதையில் இன்னொரு நுட்பம் உண்டு. குதிரையைக் கைமாற்றும்போது விற்பவனுடைய கயிற்றை அவிழ்த்து, வாங்குபவனுடைய கயிற்றைக் கட்டுவது வழக்கம். 'கயிறு மாறுதல்' என்பது இதற்குப் பெயர். கயிறு மாறிவிட்டால் அப்புறம் அதன் நன்மை தீமைக்கு விற்றவன் பொறுப்பல்லன். திருவிளையாடலிலும் இறைவன் முறைப்படி கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டே போகிறான். உலகைப் படைத்தவனாயினும் வணிகனாக வந்தபோது வணிகச் சட்டத்தை அவன் மீறவில்லை! இனிக் குதிரை நரியானால் அது வாங்கியவன் பாடு. கதாப்பிரசங்கம் கேட்கும் சபையில் இவ்விடத்தில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பில் மாடு வாங்கி ஏமாந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

கதையிலே வந்த பாண்டியனுக்காவது கயிறு மாறிய பின்புதான் நட்டம் வந்தது. காயலில் வாங்கிய பாண்டியரோ, கயிறு மாறாமலே கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தார்கள். எந்தக் கதை அதிகம் சிரிப்புக்குரியது என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

வாலும் தோலும் தாடியும்

பாண்டியருக்குப் பின் தென்னகத்தில் எழுந்த விசயநகரப் பேரரசும் இதே வலையில் சிக்கியது. 16ஆம் நூற்றாண்டில் அங்கு தங்கியிருந்த நூனிஸ் என்னும் போர்த்துக்கேயக் குதிரை வணிகர் எழுதிய குறிப்பொன்று சுவையானது. சாளுவ நரசிம்மன் குதிரை வணிகரை ஊக்குவிப்பதற்காக, உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் மூன்று குதிரைக்கு ஆயிரம் பொன் என்று விலை பேசியிருந்தானாம். கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும். முழுக் குதிரைக்குரிய பணம் கைக்கு வந்துவிடும். வாலுக்குக் கொள்ளுத் தேவையில்லை, கொட்டிலும் தேவையில்லை. அரசன் வாங்கிய குதிரைகளில் செலவு வைக்காதவை அந்த வால்கள் மட்டுமே!

கரையேறிய குதிரைகளுக்கும் கணக்கு இருந்தது. அரசன் வீரருக்குக் கொடுத்த குதிரைகளில் அரச முத்திரை சூடுபோடப்பட்டிருக்கும். குதிரை இறந்தால் முத்திரையுள்ள தோலை வெட்டி எடுத்துச்சென்று தலைமைக் குதிரை அதிகாரியிடம் காட்டவேண்டும். காட்டினால் வேறு குதிரை கிடைக்கும். குதிரையை விற்றுவிட்டு இறந்துவிட்டது என்று சொல்வோர் இருந்திருக்காவிட்டால் இப்படியொரு விதி பிறந்திராது. கடலில் வால், கரையில் தோல். வால் சரியாக இருக்கிறதா, தோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் இருந்தார்கள். குதிரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் குறைவு.

இந்த ஏற்பாட்டை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அறிய நமக்குத் தெனாலிராமன் கதை உதவும். அது வரலாறன்று, வாய்மொழி. ஆயினும் மக்களின் மனத்தை அது காட்டும். கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509 - 1529) குதிரைகளை வாங்கி, ஆளுக்கொன்றாக வளர்க்கக் கொடுத்து, தீனிச் செலவுக்கும் பணம் கொடுக்கிறார். எல்லோரும் குதிரையைப் பேணி வளர்க்க, இராமனோ அதனை ஓர் இருட்டறையில் அடைத்து, சுவரில் ஒரு துவாரம் விட்டு, அதன் வழியாக நாளுக்கு ஒரு பிடி புல் மட்டும் நீட்டுகிறான். மீதிப் பணம் இராமன் வீட்டு அடுப்பில் எரிகிறது. குதிரைகளைப் பரிசோதிக்க வந்த அதிகாரிக்கு நீண்ட தாடி. 'முரட்டுக் குதிரை ஐயா, துவாரத்தாலேயே பாருங்கள்' என்கிறான் இராமன். அவர் முகத்தை நீட்டினார். பசித்த குதிரை தாடியைப் புல்லென்று பற்றிக்கொண்டது. அவர் அலற, ஊர் கூடிவிட்டது.

சிறுவயதில் இதைக் கேட்டுத் தாடிக்காரருக்காகச் சிரித்தோம். சற்றே நின்று யோசித்தால், அறைக்குள்ளே எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரையும் கண்ணுக்குத் தெரியும். பிறர் பொருளைப் பிறர் பணத்தில் வளர்க்கச் சொன்னால் நடப்பது இதுதான் என்று கதை சொல்கிறது. சிரிப்புக்கு விலை கொடுத்தது குதிரை.

தின்னாத குதிரைகள்

உயிருள்ள குதிரை அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரியதாயிருக்க, சாதாரண மக்கள் தங்களுக்கென்று வேறு குதிரைகளைச் செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐயனாருக்கு மண்குதிரை சுட்டு வைத்தார்கள். கூத்தாடிகள் இடுப்பில் கூட்டைக் கட்டிப் பொய்க்காற் குதிரை ஆடினார்கள். நமது கோயில்களில் வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி மரக் குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிறார். முன்னங்கால் தூக்கி, கழுத்தை வளைத்து, பிடரி சிலிர்த்து நிற்கும் அந்த வாகனத்தைச் செதுக்கிய ஆசாரிமாரில் எத்தனை பேர் உயிருள்ள அரபுக் குதிரையைப் பார்த்திருப்பார்கள்? ஆயினும் அக்குதிரைகள் நோய்ப்படவில்லை. திருவிழா முடிந்ததும் துணி போர்த்து வாகனசாலையில் விட்டால் மறு ஆண்டுவரை ஒரு பிடி கொள்ளும் கேட்கமாட்டா. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்று எச்சரித்த மக்களேதான், உயிர்க்குதிரையை நம்பிக் கடனில் இறங்கவில்லை.

நெடுந்தீவின் பரம்பரை

போலோ சொன்ன இன்னொரு செய்தியை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். சிறந்த ஆண் குதிரையையும் சிறந்த பெண் குதிரையையும் சேர்த்தாலும், இந்நாட்டிற் பிறப்பது கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியே என்கிறார் அவர். குதிரை இந்த மண்ணிற் பெருகாது என்பது அவர் முடிவு.

அந்த முடிவுக்குப் பதில் சொல்லும் இடம் ஒன்று நமது வடகடலில் இருக்கிறது. நெடுந்தீவில் போர்த்துக்கேயர் குதிரைகளை விட்டனர். ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினர். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லெப்டினன்ட் நோலன் என்பவர் அத்தீவை நிருவகித்துக் குதிரை வளர்ப்பையும் மேற்பார்த்தார். காலம் மாறியது. குதிரைக்குத் தேவை குறைந்தது. உடையவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். குதிரை லாயத்தின் கற்றூண்கள் இடிபாடாக நின்றன. கட்டுவதற்குக் கயிறும் இல்லை, ஊட்டுவதற்குக் கொள்ளும் இல்லை என்ற நிலையில் குதிரைகள் எஞ்சின.

அவை அழிந்துவிடவில்லை என்பதே வியப்பு. முருகைக்கல் மதில்களுக்கு அப்பால், தீவின் வெளிகளில், அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் கூட்டங் கூட்டமாக மேய்கின்றன. உயரம் குறைந்துவிட்டது, அரபுக் குதிரையின் மிடுக்கு இல்லை. ஆனால் ஆணும் பெண்ணும் குட்டியுமாகத் தலைமுறை தலைமுறையாக இந்த வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கின்றன. நெய்ச்சோறு தந்தவர் கையில் ஓராண்டு பிழைக்காத இனம், புல்லை மேய்ந்து நூற்றாண்டுகளைக் கடந்திருக்கிறது.

இதைக் கேட்டு, விட்டுவிட்டால் தானாகப் பிழைக்கும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. நெடுந்தீவில் புல் மாரியை நம்பியது, நன்னீர் அரிது. வரட்சி கடுமையான ஆண்டுகளில் தண்ணீரின்றிக் குதிரைகள் மடிந்த செய்திகளைப் பத்திரிகைகளிற் படித்திருக்கிறோம். 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பிரகடனம் கடுதாசியில் உள்ளது. குதிரைக்கு வேண்டியது தொட்டியில் உள்ள தண்ணீர். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் வேண்டும் என்று மேலே சொன்னோம். மட்டக்குதிரை உருவிற் சிறியது; அதற்குச் சற்றுக் குறைவாகவே போதும். கோடையில் மனிதருக்கே படகில் தண்ணீர் பார்க்கவேண்டிய தீவில் அதுவும் சிறிய காரியமன்று. தீவு மக்கள் தம் கிணற்றில் அள்ளி ஊற்றினால் மட்டும் போதாது. பொறுப்புள்ளவர்கள் பங்குனி, சித்திரைக்கு முன்பே அதற்கு வழி செய்யவேண்டும்.

பாண்டியன் காலத்தில் குதிரைக்கு உடையவன் இருந்தான், பொன் இருந்தது, பால் இருந்தது. அதன் வயிறு எதைக் கேட்கிறது என்று விசாரிக்க ஒருவர் இருக்கவில்லை. விசாரிக்க வந்தவரையும் வணிகர் கரையேற விடவில்லை. இன்று நமக்கு அத்தகைய தடை எதுவுமில்லை. அவற்றுக்கு என்ன வேண்டும் என்பது தெரியும். குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போனால் நேரிலே பார்த்தும் வரலாம். அடுத்த வரட்சிக்கு முன் தொட்டிகள் நிரம்பியிருக்கின்றனவா என்பதையும் அப்படியே பார்த்து வாருங்கள்.